பையன் செய்த பிழை என்ன?

சென்ற ஞாயிற்றுக்கிழமை அக்ரஹாரத்தை அடுத்த ஒரு மைதானத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து மட்டையின் விளிம்பில் உரசி விக்கெட் கீப்பரின் கைக்குள் போயிற்று. அம்பயருக்குச் சத்தம் கேட்கவில்லை. அவர் கை தூக்கவில்லை. பையனோ தானாகவே மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியேறினான். பயிற்சியாளர் அவனைத் தட்டிக் கொடுத்திருப்பார் என்றுதானே எண்ணுகிறீர்கள்? "உன்னை யாரடா போகச் சொன்னது?" என்று அத்தனை பேர் முன்னிலையில் அதட்டினார். அடுத்த ஆட்டத்தில் அவனுக்கு இடமில்லை என்றும் சொல்லிவிட்டார்.

பையன் செய்த பிழை என்ன? உண்மையை ஒப்புக்கொண்டான், அவ்வளவே.

1980இல் பம்பாயில் இங்கிலாந்தோடு நடந்த டெஸ்ட் ஆட்டத்தில் நம் கர்நாடகத்துக் குண்டப்பா விஸ்வநாத் இந்திய அணித் தலைவர். பாப் டெய்லர் அவுட் என்று அம்பயர் கை தூக்கிவிட்டார். பந்து மட்டையில் படவில்லை என்று உணர்ந்த விஸ்வநாத், அவரைத் திரும்ப அழைத்து ஆடச் செய்தார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் குவித்தார்கள். இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது. ஆயினும் விஸ்வநாத்தின் பெயர் தாழ்ந்ததா? உயர்ந்தது!

அடுத்த ஆண்டு மெல்பர்னில் நடந்ததையும் பாருங்கள். கடைசிப் பந்தில் ஆறு ரன் எடுத்தால் நியூசிலாந்து சமன் செய்துவிடும். ஆஸ்திரேலியத் தலைவர் கிரெக் சாப்பல், பந்தைத் தரையோடு உருட்டும்படி தம்பி டிரெவருக்குக் கட்டளையிட்டார். அன்றைய விதி அதைத் தடுக்கவில்லை. வெற்றி கிட்டியது, பழியும் கிட்டியது. உருட்டியவர் தம்பி, உருட்டச் சொன்னவர் அண்ணன் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

"தீர்ப்புச் சொல்ல அம்பயர் இருக்கிறாரே, ஆடுபவன் ஏன் முந்த வேண்டும்?" என்று சிலர் கேட்பர். பெரியவர்களின் ஆட்டத்தில் அது வாதத்துக்குரிய கேள்வியே. ஆனால் சிறுவனுக்குப் பயிற்சியாளர் ஆசானல்லவா? இன்று "வாயை மூடிக்கொண்டு நில்" என்று கற்பிப்பவர், நாளை வயதைக் குறைத்துப் பிறப்புச் சான்றிதழ் வாங்கச் சொல்லவும் தயங்கமாட்டார். இந்தக் கேட்டைத்தான் ராகுல் திராவிட் 2015இல் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் கண்டித்தார். இளம் ஆட்டக்காரர்களின் எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயதைக் கணிக்கும் நிலைக்குக் கிரிக்கெட் வாரியம் வந்திருப்பது யாருக்குப் பெருமை?

நண்பர்களே! நம்மில் பலர் மாலை நேரங்களில் தெருப் பையன்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறோம். அம்பயர் கை தூக்குமுன் வெளியேறும் பையன் நம் அணியிலும் ஒருநாள் இருப்பான். அன்று ஆட்டம் போனாலும் போகட்டும். அடுத்த ஆட்டத்தில் அவன் பெயரை முதலில் எழுதுங்கள்.