பழைய பெட்டிக்கு எந்த டிஸ்க்?



"பழைய டெஸ்க்டாப்பா? காயலான் கடையில போட்டுட்டு தவணையில லேப்டாப் வாங்குடா மச்சி!" என்று எனக்கு அறிவுரை சொன்னவர்கள் அநேகம். தவணை கட்டப் போவது அவர்களா? என் அப்பா பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர், வாரக் கூலி. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். மூடிய பிரவுசிங் சென்டர் ஒன்றிலிருந்து அப்பா பேரம் பேசி வாங்கி வந்த 'கோர் 2 டுயோ' பெட்டி அது. தூக்கி எறிய மனசு வருமா?

போன ஆடியில் ஒரு நாள் பெட்டிக்குள் 'டக்... டக்...' என்று சத்தம். ஃபேன் என்று நினைத்து இரண்டு நாள் விட்டுவிட்டேன். (டிப்ளமோ படிக்கிறவன்!) மூன்றாம் நாள் பூட் ஆகவே இல்லை. என் ப்ராஜெக்ட் போனதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அம்மாவின் மகளிர் குழுவில் பன்னிரண்டு பேர். அவர்களுடைய சேமிப்பு, கடன், வட்டிக் கணக்கெல்லாம் அதில்தான் இருந்தது. "இனிமே நோட்டு எதுக்கும்மா?" என்று எட்டு மாதம் முன்பு பெருமையாக நிறுத்தியவனும் நானே! வீடு வீடாகப் போய், பாஸ்புக், துண்டுச் சீட்டு, ஞாபகம் எல்லாவற்றையும் வைத்து மறுபடி எழுதினோம். ஒரு அக்கா 400 ரூபாய் கட்டியதாகச் சொன்னார். சீட்டு இல்லை. எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத்தான் தைரியம் வரவில்லை.

சரி, புது டிஸ்க் வாங்க வேண்டும். ஒரு கடையில் "500 ஜி.பி. தம்பி, புதுசு மாதிரி, 800 ரூபாதான்" என்றார்கள். 'மாதிரி' என்ற சொல்லை நான் கவனிக்கவில்லை. நண்பன் வீட்டில் மாட்டி 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ'வில் பார்த்தால், ஓடிய நேரம் 31,000 மணி! இருபத்து நான்கால் வகுத்துப் பாருங்கள், மூன்றரை வருஷம் இராப்பகலாக ஓடியிருக்கிறது. கெட்டுப்போன செக்டார்கள் சிலவற்றுக்கு மாற்று செக்டார்களும் போட்டாயிற்று. திருப்பிக் கொடுக்கப் போனால், "வாங்கும்போதே பாத்திருக்கணும்" என்று பதில். பாதிப் பணம்தான் வந்தது.

ஆகவே என் கட்சி இதுதான்: பழைய பெட்டிக்குப் பெரிய ஹார்ட் டிஸ்க் வேண்டாம், சின்ன எஸ்.எஸ்.டி. போதும். ஏன்? சாதாரண ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி விநாடி. வேண்டிய செக்டார் ஹெட்டுக்கு அடியில் வர சராசரியாக அதில் பாதி. ஹெட் நகர்ந்து நிற்க இன்னும் எட்டு, ஒன்பது மில்லி விநாடி. தறியில் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற மாதிரிதான்! ஆக ஒரு விநாடியில் எண்பது இடம் தொட்டாலே பெரிசு. பூட் ஆகும்போது சின்னச் சின்ன ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும். நாம் டீ குடித்துவிட்டு வருகிறோம். எஸ்.எஸ்.டி.யில் சுற்றவும் நகரவும் ஒன்றுமில்லை, எல்லாம் சில்லுக்குள்.

அட்டையில் '500 எம்.பி. வேகம்' என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். என் போர்டு சாட்டா 2. அதன் உச்சவரம்பே விநாடிக்கு 300 எம்.பி. அதிக விலை கொடுத்து அதிவேக எஸ்.எஸ்.டி. வாங்கினாலும் பயன் இல்லை. எம்.2 வகை இந்தப் போர்டுகளில் மாட்டவே இடம் கிடையாது. முதலில் பக்கத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். பட்டையான ரிப்பன் கேபிள் மட்டும் இருந்தால் அது ஐ.டி.இ., அதற்கு சாட்டா டிஸ்க் நேராகச் சேராது. 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்கிலிருந்து பழைய பயாஸில் பூட் செய்வதும் தலைவலிதான்.

நான் வாங்கியது 240 ஜி.பி., 1,800 ரூபாய். மூன்று வாரம் ஞாயிற்றுக்கிழமை பந்தல் வேலைக்குப் போன காசு. பெட்டிக்குள் அது நிற்க அளவான இடம் இல்லை. பிராக்கெட் வாங்கக் காசு மிச்சமில்லாமல் இரண்டு ஸ்குரூவும் இன்சுலேஷன் டேப்பும் போட்டுக் கட்டினேன். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரோடு நின்றுவிட்டதால் லினக்ஸ் ஏற்றினேன். டீ குடிக்கிற நேரம் மிச்சம்.

எஸ்.எஸ்.டி.யிடம் ஒரு குறையும் உண்டு. 'டக் டக்' என்றுகூடச் சொல்லாமல் ஒரு நாள் திடீரென்று போய்விடலாம். இதை விற்கிறவர்கள் சொல்வதில்லை.

நம் ஆய்வக மூலையில் துணி போட்டு மூடிய ஒன்பது கணிப்பொறிகள் இருக்கின்றன. திறந்து பார்த்தேன், எல்லாம் சாட்டா. ஆண்டு விழா மேடை அலங்காரச் செலவில் கொஞ்சம் குறைத்து, ஒன்பதுக்கும் டிஸ்க் வாங்கிக் கொடுக்க நம் மாணவர் சங்கம் முன்வருமா? மாட்டிக் கொடுக்க நான் தயார், கூலி வேண்டாம்.

குழுக் கணக்கை மறுபடி கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். மாதக் கடைசியில் பென் டிரைவிலும் ஒரு பிரதி. அம்மா மட்டும் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். "நீ அதுல போட்டுக்கடா கண்ணு, எனக்கு இதுலயும் எழுதிக் குடுத்துரு" என்கிறார். எழுதிக் கொடுக்கிறேன்.