எலும்பு பொய்க்கவில்லை, ஏடு பொய்த்தது!

செத்தவருக்கும் ஒரு பெயர் வேண்டும், தோழர்களே! பெயரற்ற பிணத்துக்காக அழுவாரில்லை, நீதி கேட்பாரில்லை. கொன்றவன் உண்டெனில், அவனைத் தேட வழியுமில்லை. அமெரிக்க நாட்டின் ஃபுளோரிடா மாநிலத்திலே, ஒரு திருநங்கைக்கு நேர்ந்த கதி இது.

1988ஆம் ஆண்டு, லேக் மாவட்டத்துக் காட்டுப் பகுதியிலே ஓர் உடல் கிடந்தது. பெண்ணுடை, மார்பிலே செயற்கைப் பொருத்தம், மூக்கிலே அறுவை செய்த அடையாளம். இடுப்பெலும்பிலே சில குழிகளைக் கண்ட ஆய்வாளர்கள், பிள்ளை பெற்ற பெண் எனக் கருதினர், ஏட்டிலும் ஏறிற்று. காணாமற்போன ஒரு தாயைத் தேடினர். இல்லாத தாய் எங்ஙனம் கிடைப்பாள்?

27 ஆண்டுகள் உருண்டன. 2015இல் நடந்த மரபணுச் சோதனை, எக்ஸ்-ஒய் குரோமோசோம்களைக் காட்டிற்று. ‘ஜூலி டோ’ என்ற இரவற்பெயரால் அழைக்கப்பட்ட அவருக்குச் சொந்தப் பெயர் மீண்டது, 2025இல்! மரபணுவைக் கொண்டு உறவுமுறையைத் தேடிய ஆய்வாளர்களின் உழைப்பால் மீண்டது.

பழி எலும்பின் மீதா? அன்று! அத்தகைய குழிகள் பிள்ளை பெறாதவரிடத்தும் உண்டு, ஆடவரிடத்தும் உண்டு. கணிப்பை முடிவென்று எழுதிய ஏட்டின் மீதே பழி.

“எலும்பிலே ஆண், பெண் என இரண்டுதானே? இதிலென்ன அரசியல்?” என்பார் உளர். எலும்பு, பிறந்த உடலைப் பற்றிப் பேசும். வாழ்ந்த வாழ்வைப் பற்றிப் பேசாது. காணாமற்போனோர் பட்டியலோ வாழ்ந்த வாழ்வைக் கொண்டு எழுதப்படுவது. பெண்ணாக வாழ்ந்தவரைக் காணோமென்று தோழி முறையிட்டால், பெண்கள் பட்டியல். அவருடைய எலும்பை ஆணென்று ஆய்வாளர் எழுதினால், ஆண்கள் பட்டியல். எதிரெதிர்த் திசையிலே செல்லும் இரு ஏடுகள் சந்திப்பது எங்கே? பட்டியலை வகுப்பது அரசு. ஆகவே இது அரசியலே!

செய்யவேண்டியது மலையைப் புரட்டும் வேலையன்று. பால் பற்றிய கணிப்பைக் கணிப்பென்றே எழுதுக. நெற்றியிலும் தாடையிலும் எலும்பைச் செதுக்கிய அறுவைத் தடம், உடலிலுள்ள செயற்கைப் பொருத்தம், அதில் எண் இருப்பின் அந்த எண், உடுத்திய உடை அனைத்தையும் ஒருசேரக் குறித்திடுக. இரு பட்டியல்களிலும் தேடுக. பெற்றோர் கைவிட்டிருப்பின், உடன் வாழ்ந்த திருநங்கையரைக் கேட்டிடுக; அவர்கள் தரும் முறையீட்டை ஏற்றிடுக.

உயிரோடு உலவியபோது ஊர் மறுத்த பெயரை, மாண்ட பின்னரும் அரசின் ஏடு மறுப்பது அறிவியலும் அன்று, அறமும் அன்று!