எச்சரிக்கை நாளில் மலைக்கு வான் புறப்படக் கூடாது

கடலுக்குப் போக வேண்டாம் என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவித்தால், கற்பிட்டி முதல் சிலாபம் வரை வள்ளங்கள் கரையேறிவிடும். அன்றைய உழைப்பு போயிற்று. கடன்பட்டு எண்ணெய் வாங்கியவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். ஆனாலும் வள்ளத்தை இறக்காத சம்மாட்டியைக் கோழை என்று இந்தக் கரையில் யாரும் சொல்வதில்லை. அதே வாரம், அதே மழை அறிவிப்பைக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொண்டே, நம் பிள்ளைகள் வான் பிடித்து நக்கிள்ஸுக்கும் சிவனொளிபாத மலைக்கும் புறப்படுகிறார்கள். கடலுக்கு நாம் கொடுக்கும் மரியாதையை மலைக்குக் கொடுப்பதில்லை.

மண்சரிவு எச்சரிக்கையோ கடும் மழை எச்சரிக்கையோ நடைமுறையில் இருக்கும் பகுதிக்குப் புத்தளம் மாவட்டத்திலிருந்து எந்த மலையேற்றக் குழுவும் புறப்படக் கூடாது. கட்டிய பணம் முழுவதும் திரும்பக் கிடைக்க வேண்டும். இதுவே நம் நிலைப்பாடு.

நாம் உலர் வலயத்தில் வாழ்பவர்கள். மே முதல் செப்டெம்பர் வரை புத்தளத்தில் காற்றுத்தான் வீசும். உப்பளங்களில் உப்பு விளையும் காலம் அது. அந்த மாதங்களில்தான் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் தென்மேல் பருவமழை கொட்டித் தீர்க்கிறது. சிவனொளிபாத மலையின் யாத்திரைக் காலம் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக்கோடு முடிந்துவிடுவது காரணமில்லாமல் அல்ல. அதற்குப் பிறகு படிகளில் விளக்கு எரியாது, தேநீர்க் கடைகள் மூடியிருக்கும், விழுந்தவரைத் தூக்கிவிட ஆளும் இராது. ஆனால் நமக்கு ஓகஸ்ட் விடுமுறை வந்துவிடுகிறது, வானம் வெளுத்திருக்கிறது, மலையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம்.

குளிரையும் நாம் அறிந்தவர்கள் அல்ல. ஆயிரம் மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ ஆறரைப் பாகை வெப்பம் குறையும். 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாத உச்சி, நம் கடற்கரையைவிடப் பதினான்கு பாகை அளவுக்குக் குளிர்ந்தது. அங்கே பருத்தி ரீசேட்டும் ஜீன்ஸும் மழையில் ஊறி, மேலே காற்றும் அடித்தால், உடம்புச் சூடு வேகமாக வடிந்துவிடும். முதலில் நடுக்கம் வரும். பிறகு பேச்சுக் குழறும், விரல்கள் சப்பாத்துக் கயிற்றைக் கட்ட மறுக்கும். அதற்கும் பிறகு நடுக்கம் நின்றுபோகும். கூட இருப்பவர்கள் ஆள் தேறிவிட்டார் என்று நினைக்கிற அந்த நேரம்தான் மிக ஆபத்தானது.

தண்ணீரைப் பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. ஊரில் வெயில் அடிக்கும்போதே கலா ஓயாவும் தெதுரு ஓயாவும் பெருகி வரும். மழை மேலே பெய்திருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது, அநுராதபுரம்–புத்தளம் வீதியில் கலா ஓயா அருகே வெள்ளத்தில் சிக்கிய பேருந்தின் பயணிகள் ஒரு வீட்டுக் கூரையில் இரவைக் கழித்ததையும், கடற்படை போய் அவர்களை மீட்டதையும் நாடே பார்த்தது. ஆறு பெருக மணிக்கணக்கு ஆகும். மலை ஓடைக்குச் சில நிமிடங்கள் போதும். காலையில் முழங்கால் அளவு தண்ணீரில் கடந்த ஓடை, மாலையில் திரும்பி வரும் வழியை அடைத்துவிடும்.

இவ்வளவும் தெரிந்த பிள்ளைகள்கூட ஏன் போகிறார்கள்? கூட்டமாகப் போவதால்தான். வானுக்கு முற்பணம் கொடுத்தாயிற்று, வீட்டில் கெஞ்சி அனுமதி வாங்கியாயிற்று, பெயர் அச்சடித்த ரீசேட்டும் வந்துவிட்டது. மழை இறங்கும்போது ஒவ்வொருவர் மனத்திலும் திரும்பிவிடலாமே என்ற எண்ணம் இருக்கும். அதை முதலில் வாய்விட்டுச் சொல்லத்தான் யாரும் துணிவதில்லை. 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தரகாண்டின் சஹஸ்திர தால் மலைப்பாதையில், பெரும்பாலும் கர்நாடகத்தைச் சேர்ந்த 22 பேர் கொண்ட குழு பனிப்புயலில் சிக்கியது. 9 பேர் மாண்டார்கள். அவர்கள் வழிகாட்டிகளோடு சென்றவர்கள். ஆள் பலமும் வழிகாட்டியும் இருந்துவிட்டால் போதும் என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

வளர்ந்தவர்களை வீட்டில் பூட்டி வைக்க முடியுமா, மீமுரே போன்ற மலைக் கிராமங்களின் பிழைப்பு என்னாவது என்று கேட்பார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். மலையேற்றத்தையே தடை செய்யும்படி நாம் கேட்கவில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு, தமிழ்நாடு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. இன்று அங்கே பதிவு செய்து, வழிகாட்டியோடு, குறித்த பாதைகளில் மக்கள் மலையேறுகிறார்கள். கிராமத்து வழிகாட்டிக்கும் ஒரு விபத்தைவிடத் தள்ளிவைத்த பயணமே மேல். அடுத்த மாதம் அதே குழு அவரிடமே வரும்.

அளவுகோல் ஏற்கெனவே இருக்கிறது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில், பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. மஞ்சள் வந்தாலே பயணம் தள்ளிப்போக வேண்டும். செம்மஞ்சளுக்குக் காத்திருப்பது, வள்ளம் ஆடத் தொடங்கிய பிறகு கரையைத் தேடுவதற்குச் சமம். புறப்பட்ட பிறகு வானிலை மாறினால், திரும்பலாம் என்று முடிவெடுக்கும் அதிகாரம் ஒருவரிடம் இருக்க வேண்டும். அவர் யார் என்பதை வான் ஏறும் முன்பே எல்லோரும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அவர் சொன்னால் வாக்கெடுப்புக்கு இடமில்லை.

மாவட்ட செயலகம் இதை ஒரு சுற்றறிக்கையாக இளைஞர் கழகங்களுக்கும், பாடசாலைகளுக்கும், தனியார் வகுப்புகளுக்கும், வான் உரிமையாளர்களுக்கும் ஓகஸ்ட் விடுமுறைக்கு முன் அனுப்பட்டும். பள்ளிவாசல்களும் ஆலயங்களும் ஒலிபெருக்கியில் அறிவிக்கட்டும். எச்சரிக்கை வந்தால் முற்பணம் திரும்பும் என்று எழுத்தில் தராத ஏற்பாட்டாளரின் படிவத்தில் பெற்றோர் கையொப்பமிடவே வேண்டாம்.