விலையின் குறையும் இசையின் குறையும்

ஒரு பொருளின் விலையை அறிவது எளிது. அதன் தகுதியை அறிவது அரிது. வீணை வாங்கச் செல்லும் மூத்தோர் முதலில் குடத்தைத் தட்டிப் பார்ப்பர். மெட்டுகளை விரலால் வருடுவர். தண்டியை ஒரு கண்ணை மூடி நோக்கி வளைவு உண்டா என ஆராய்வர். மெருகைப் பற்றிய பேச்சு இறுதியில்தான் எழும். மின் கிதார் வாங்கச் செல்லும் நம் இளைஞர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி விடுகின்றனர். முதலில் வண்ணம், அடுத்து நிறுவனத்தின் பெயர், அதன்பின் விலை. ஒலியும் உறுதியும் கடைசியில் வந்து நிற்கின்றன. சில வேளைகளில் வருவதே இல்லை.

தமிழ்த்துறை மலரில் மின் கிதாருக்கு என்ன இடம் எனச் சான்றோர் சிலர் வினவக்கூடும். பத்தரும் கோடும் திவவும் நரம்பும் யாழின் உறுப்புகள் என வகுப்பில் கற்பிக்கின்றோம். அதே மாணவன் மாலையில் ஒரு நரம்புக் கருவியை வாங்க எண்ணி, பெற்றோரின் வியர்வைக் காசை எடுத்துக்கொண்டு புறப்படும்போது, அவனுக்குச் சொல்ல நம்மிடம் ஒரு சொல்லும் இல்லையெனில் அக்கல்வி முழுமை பெறாது. ஆதலின் இக்கட்டுரை.

மாணவப் பருவத்தில் நானும் ஏமாந்தவனே. பழைய கிதார் ஒன்றின் கறுப்பு மினுமினுப்பில் மயங்கி, பல மாதச் சேமிப்பைக் கொட்டி வாங்கினேன். வீட்டுக்கு வந்து வாசித்தபோதுதான் அதன் கழுத்து முறுகியிருப்பது தெரிந்தது. எத்தனை முறை சுருதி சேர்த்தாலும் மேல் மெட்டுகளில் அபசுரமே ஒலித்தது. அதே கடையில், அதே விலைக்கு, வண்ணம் உரிந்த வேறொரு கிதாரும் தொங்கியது. அதை நான் கையிலும் எடுக்கவில்லை. அந்த இழப்பு கற்பித்த பாடமே என் கருத்து: பழைய கிதாரில் இருவகைக் குறைகள் உண்டு. விலையைக் குறைப்பன சில. இசையைக் குறைப்பன சில. முன்னதை ஏற்று, பின்னதைத் தவிர்க்கத் தெரிந்தவனே நல்ல விலைக்கு நல்ல கருவி பெறுவான்.

வரலாறு தரும் சான்று

1963ஆம் ஆண்டில் அயர்லாந்தின் கார்க் நகரத்தில் ரோரி கேலகர் என்னும் பதினைந்து வயதுச் சிறுவன், இசைக்கருவிக் கடையொன்றில் ஒரு பழைய ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கண்டான். அது 1961இல் செய்யப்பட்டது. முதலில் வாங்கியவர் சிவப்பு நிறம் கேட்டிருந்தார். வந்ததோ மஞ்சளும் பழுப்பும் கலந்த சன்பர்ஸ்ட் வண்ணம். கேட்ட நிறத்தில் வேறொன்று வந்ததும் இதைக் கைவிட்டார். ஏறத்தாழ 100 பவுண்டு விலைக்கு, தவணை முறையில், கேலகர் அதைப் பெற்றார். ஒருவருக்கு நிறம் பிடிக்காமற்போனதே மற்றொருவருக்கு வாய்ப்பாயிற்று. காலப்போக்கில் அதன் வண்ணம் பெரும்பகுதி உதிர்ந்து மரமே வெளித்தெரிந்தது. அதனால் இசை குன்றவில்லை. 1995இல் மறையும் வரை அவர் அதைப் பிரியவில்லை. 2024இல் அக்கிதார் இலண்டனில் 8,89,400 பவுண்டுக்கு ஏலம்போய், அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டது. ஏலத் தொகையைக் கண்டு வியப்பதினும், நூறு பவுண்டுக் கருவி ஒரு கலைஞனுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் சோறிட்டது என்பதை எண்ணுவதே நமக்குத் தகும்.

இன்னொரு சான்று. 1970இல் ஆங்கிலக் கலைஞர் எரிக் கிளாப்டன், அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துக் கடையொன்றில் 1950களில் செய்யப்பட்ட ஆறு பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை மலிந்த விலைக்கு வாங்கினார். அவ்வகைக் கிதாருக்கு அங்கு அப்போது நாட்டம் குறைந்திருந்தது. மூன்றை நண்பர்களான ஜார்ஜ் ஹாரிசன், பீட் டவுன்ஷெண்ட், ஸ்டீவ் வின்வுட் ஆகியோருக்கு அளித்தார். எஞ்சிய மூன்றினின்றும் சிறந்த உறுப்புகளைத் தேர்ந்து ஒரே கிதாராகச் சேர்த்தார். ‘பிளாக்கி’ எனப் பெயர்பெற்றது அதுவே. ஒரு கிதாரின் உறுப்புகள் யாவும் தொடக்கத்தில் இருந்தவையாகவே இருத்தல் வேண்டும் என்பது சேகரிப்போர் நெறி. அந்நெறிப்படி நோக்கின் பிளாக்கி குறையுடையது. வாசிப்பவர் நெறிப்படி நோக்கின் மூன்று கருவிகளின் சாரம் அது. 2004இல் அறப்பணிக்காக அவர் அதை விற்றபோது 9,59,500 டாலர் கிடைத்தது.

எந்தக் குறை எத்தகையது?

வண்ணம் உரிதல், கீறல், பூச்சு மாற்றப்பட்டிருத்தல், பிக்கப் எனப்படும் ஒலிவாங்கிகள் மாற்றப்பட்டிருத்தல் ஆகியன விலையைக் குறைப்பன. பணி செம்மையாக இருப்பின் இவற்றால் இசைக்குத் தீங்கில்லை. கிப்சன் வகைக் கிதார்களின் தலைப்பகுதி பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். கீழே விழுந்தால் அவ்விடத்தில் முறிவது வழக்கம். முறிந்து ஒட்டப்பட்ட கிதாரின் விலை பாதியளவுக்குக்கூடக் குறைந்துவிடும். கைதேர்ந்தவர் ஒட்டிய ஒட்டு நெடுங்காலம் தாங்கும். சேகரிப்போர் ஒதுக்கும் அக்கருவி, காசு குறைந்த மாணவனுக்குக் கிடைத்த பேறு எனலாம்.

இசையைக் குறைப்பன வேறு. அவற்றுள் தலையாயது கழுத்தின் குறை. ஆறு தந்திகளும் சேர்ந்து கழுத்தை இழுக்கும் விசை, ஏறத்தாழ 45 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். அதை எதிர்த்து நிற்கக் கழுத்தினுள் ட்ரஸ் ராட் என்னும் எஃகுக் கம்பி பொருத்தப்பட்டிருக்கும். தடித்த தந்தியை முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் மெட்டிலும் ஒருசேர அழுத்துக. நடுவில், ஏழாம் எட்டாம் மெட்டுகளின் மேல், ஒரு முகவரி அட்டை நுழையும் அளவு இடைவெளி இருப்பின் நலம். மிகுதியாக இருப்பின் கம்பியை முறுக்கிச் சரிசெய்யலாம். ஆயின் அந்தத் திருகு இன்னும் திரும்புகிறதா என்பதை வாங்கும் முன்பே விற்பவரைக் கொண்டு பார்த்துக்கொள்ளல் வேண்டும். இறுதிவரை முறுக்கப்பட்டு நின்றுவிட்ட கம்பியும், என் பழைய கிதார்போல் முறுகிய கழுத்தும் எளிதில் தீராப் பிணிகள்.

அடுத்தது மெட்டு. கிதார்க்காரர் இதை ஃப்ரெட் என்பர். தந்தி அழுந்தி அழுந்தி அதில் பள்ளம் விழும். பள்ளம் சிறிதாயின் அராவிச் சமன் செய்யலாம். உயரமே தேய்ந்துபோயின் எல்லா மெட்டுகளையும் மாற்ற நேரும். அதற்காகும் கூலி, மலிவான கிதாரின் விலையில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆதலின் ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் மீட்டிப் பார்த்தல் வேண்டும். பொறுமையுடையோர்க்குப் பத்து நிமிடமே செல்லும்.

பின்னர்க் கருவியை ஆம்ப்ளிஃபயரோடு இணைத்துக் கேட்க. குமிழைத் திருப்பும்போது கரகரப்பு எழுந்தால் அஞ்ச வேண்டா. பெரும்பாலும் அது தூசியே. துப்புரவுத் தெளிப்பான் தீர்த்துவிடும். அக்கரகரப்பைக் காட்டி விலையைச் சற்றுக் குறைக்கவும் கேட்கலாம். ஒரு பிக்கப் முற்றிலும் ஊமையாயின் அதை மாற்றும் செலவைக் கணக்கிட்டபின்பே விலை பேசுக.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். 1982இல் ஃபெண்டர் நிறுவனம் ஸ்குவையர் என்னும் பெயரில் ஜப்பானில் கிதார்களைச் செய்விக்கத் தொடங்கியது. மலிவுப் பெயர் தாங்கிய அத்தொடக்ககாலக் கிதார்களின் தரத்தை உணர்ந்தோர் பின்னாளில் அவற்றைத் தேடித்தேடி வாங்கினர். உயர்ந்த பெயரைத் தலையில் எழுதிக்கொண்டு திரியும் போலிகளும் சந்தையில் உண்டு. பெயரும் வரிசை எண்ணும் அச்சிடக் கூடியவை. செய்நேர்த்தி அச்சிடக் கூடியதன்று.

மாற்றில் மறையும் விலை

பணம் கொடுத்து வாங்குவது ஒரு வழி; உள்ள கருவியைக் கொடுத்து வேறொன்று பெறுவது மற்றொரு வழி. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், 1970களின் முற்பகுதியில், ஸ்டீவி ரே வான் என்னும் இளைஞர் கடையொன்றில் அடிபட்டுக் கிடந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கண்டு, தம்மிடமிருந்த கிதாரைக் கொடுத்து அதை மாற்றாகப் பெற்றார். அதையே தம் முதற்கருவியாகக் கொண்டு புகழ் பெற்றார். பொருளறிந்து செய்யும் மாற்று இவ்வாறு பலன் தரும்.

அறியாது செய்யும் மாற்றில் இரு விலைகளும் கண்ணுக்கு மறைந்துவிடும். ஒரு கணக்கைக் காண்போம். உம்முடைய கிதாரை நேரடியாக விற்றால் 20,000 ரூபாய் கிடைக்கும் எனக் கொள்வோம். கடைக்காரர் அதற்கு 11,000 ரூபாய் கழித்து, 30,000 ரூபாய்க் கிதாரைத் தருகிறார். நீர் 19,000 ரூபாய் தருகிறீர். நீரே விற்று வாங்கியிருப்பின் 10,000 ரூபாயே தேவைப்பட்டிருக்கும். இடையில் நின்ற 9,000 ரூபாய், வசதிக்கு நீர் கொடுத்த கட்டணம். கடைக்காரர் வாடகை தருகிறார், பழுது பார்க்கிறார், விற்காமற்போகும் இடரையும் ஏற்கிறார். எனவே அதைக் கொள்ளை என்று பழிப்பது முறையன்று. ஆயின் கட்டணம் இன்னதென அறிந்து கொடுப்பது வேறு. அறியாது இழப்பது வேறு. மாற்றுப் பேசும் முன் இரு கருவிகளின் விலையையும் தனித்தனியே எழுதிக்கொள்க. விற்பவர் கேட்கும் விலையைக் கொள்ளாது, அத்தகைய கருவிகள் உண்மையில் கைமாறிய விலையைக் கணக்கிற் கொள்க.

புதியதே நல்லது என்பாரும் உளர். அவர் கூற்றிலும் நியாயம் உண்டு. யமஹா நிறுவனத்தின் பசிஃபிகா போன்ற தொடக்கநிலைக் கிதார்கள் இன்று புதிதாகவே செம்மையாகக் கிடைக்கின்றன, உத்தரவாதமும் உண்டு. அவற்றின் பழைய கருவிக்குப் புதிய விலையையொட்டிக் கேட்பாரிடம் வாங்குவதில் பொருளில்லை. விலை பாதியளவுக்கு இறங்கி, கழுத்தும் மெட்டும் நலமாயிருப்பின், அங்கே பழையதே வெல்லும்.

அறத்தொடு பெற்றதே ஆதாயம்

இறுதியாக ஒன்று. மறைந்த மகனின் கிதாரை, அதன் மதிப்பறியாத தாய் ஒருவர் சில நூறு ரூபாய்க்கு விற்க முன்வருகிறார் என வைத்துக்கொள்வோம். பார்த்தவுடன் அதன் அருமை உமக்குத் தெரிந்துவிடுகிறது. வாய்மூடி வாங்கி வருவது திறமையா? அன்று என்பதே என் துணிபு. உண்மையைச் சொல்லி நியாயமான விலை பேசினாலும் உமக்கு ஆதாயம் மிஞ்சும், உறக்கமும் மிஞ்சும். பிறர் பொருளையும் தம் பொருளாக மதித்துச் செய்வதே வாணிகம் என நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் விற்பவர்க்கு மட்டும் சொல்லவில்லை. வாங்குவோர்க்கும் அது பொருந்தும். வாணிகத்தில் நரை கண்ட நம் பெரியோர் இதை நன்கறிவர்: குறையை மறைத்து விற்ற சரக்கு ஒருமுறை இலாபம் தரும், குறையைச் சொல்லி விற்ற சரக்கு வாடிக்கையாளரைத் தரும்.

மாணவச் செல்வங்களே! நாளை உங்கள் கிதாரை நீங்களும் விற்க நேரும். கழுத்தில் வளைவிருப்பின் வளைவுண்டு என்றும், ஒட்டிருப்பின் ஒட்டுண்டு என்றும் சொல்லி விற்றிடுக. வாங்கப் போகும் அந்த அறிமுகமற்ற இளைஞனும் யாரோ ஒருவருடைய வியர்வைக் காசோடுதான் வருகிறான்.