அணிலுக்கு கிரீஸ் வேண்டாம்!



போன இதழில் சூழல் மன்றத்தின் அறிவிப்பைப் படித்திருப்பீர்கள். வேப்பமரத்தில் குருவிகளுக்காகக் கட்டிய ஆறு கொட்டாங்குச்சிகளில் வைக்கும் தீனியை அணில்களே தின்று தீர்த்துவிடுகின்றன. அதனால் மரத்திலும் கம்பியிலும் கிரீஸ் தடவப் போகிறோம். அதுவும் பலிக்காவிட்டால் எலி ஒட்டும் அட்டை வைக்கப் போகிறோம். மாணவர்கள் கருத்து எழுதலாம். இதுதான் அறிவிப்பு. கருத்து கேட்டதால் எழுதுகிறேன். கேட்காவிட்டாலும் எழுதியிருப்பேன்!

கிரீஸும் வேண்டாம், அட்டையும் வேண்டாம். இதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். (பிழை இருந்தால் தமிழம்மா மன்னிக்கவும்.)

அணில் மேல் தப்பே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. நானும் மன்றத்தில்தான் இருக்கிறேன். செவ்வாயும் வியாழனும் தீனி வைப்பது என் முறை. எட்டே முக்காலுக்கு கம்பு, நொய், வேர்க்கடலை எல்லாம் போட்டுவிட்டு பிரேயருக்கு ஓடுவேன். முதல் பீரியடில் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தால், கொட்டாங்குச்சிக்குள் தலையை விட்டுக்கிட்டு வாலை மட்டும் வெளியே ஆட்டிக்கிட்டு ஒண்ணு உட்கார்ந்திருக்கும். பக்கத்துக் கொட்டாங்குச்சியில் இன்னொண்ணு. குருவி ரெண்டு மதில் மேல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருக்கும். பார்க்கவே பாவமா இருக்கும். நைலான் கயிற்றைக் கடித்து ரெண்டு கொட்டாங்குச்சியைக் கீழே தள்ளியதும் அணில்தான். அதனால் எட்டாம் வகுப்புத் தம்பிகளுக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கு. பத்து ரூபாய், பத்து ரூபாயாகச் சேர்த்து வாங்கிய கம்பு அது.

ஆனால் ஒட்டு அட்டை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அதைத்தான் இங்கே எழுத வேண்டும் என்று நினைத்தேன். இதுவரை வகுப்பில் யாரிடமும் சொன்னதில்லை.

நான் ஏழாம் வகுப்பு முடித்த கோடை லீவு. எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு கொய்யா மரம் இருக்கிறது. அதில் ஒரு பழைய தட்டைக் கட்டி, குருவிக்குத் தினை வைப்பேன். அணில் வந்து தினையையும் தின்னும், பழுக்கிற கொய்யாவையும் ஒரு கடி கடித்துவிட்டுப் போடும். முழுசா தின்னாலும் பரவாயில்லை, ஒரு கடி! "எலி அட்டை வாங்கிட்டு வாங்க சித்தப்பா" என்று கேட்டது நான்தான். யாரும் சொல்லித் தரவில்லை, என் சொந்த யோசனை. சித்தப்பா வாங்கி வந்தார். தட்டுக்குப் பக்கத்துக் கிளையில் நானே கட்டினேன்.

மறுநாள் காலையில் ஒரு சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். அணில் சாதாரணமாகக் கத்துகிற சத்தம் நமக்கெல்லாம் தெரியும். இது அது இல்லை. நாலு காலும் வயிறும் ஒட்டிப்போய், தலையை மட்டும் தூக்கித் தூக்கி... அப்பத்தாதான் அட்டையோடு இறக்கி, தேங்காய் எண்ணெயை விட்டு விட்டு, விரலால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. முடியோடு தோலும் வந்துவிட்டது. எடுத்து முடித்ததும் அதன் வயிற்றைப் பார்த்துவிட்டு அப்பத்தா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பால் குடுக்கிற அணில்டி இது."

கூட்டைத் தேடினோம். குளியலறை வெண்டிலேட்டருக்குள் தேங்காய் நாரும் பழைய தலையணைப் பஞ்சுமாக இருந்தது. உள்ளே மூன்று குட்டி. கண் திறக்கவில்லை. தாயைப் பக்கத்தில் விட்டுப் பார்த்தோம், ஏற முடியவில்லை, எண்ணெயில் கால் வழுக்கியது. அடுத்த நாள் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் செத்துக் கிடந்தது. குட்டிகளுக்கு இங்க் ஃபில்லரில் பசும்பால் கொடுத்தேன். பசும்பால் அதுங்களுக்கு ஒத்துக்காது என்பது எனக்கு அப்போது தெரியாது. ஞாயிற்றுக்கிழமைக்குள் மூன்றும் போய்விட்டன. அப்பத்தா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சரி, அது அட்டை. கிரீஸில் யாரும் ஒட்ட மாட்டார்கள், வழுக்கத்தானே செய்யும் என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். கேட்க நியாயமாகத்தான் இருக்கு. ஆனால் யோசித்துப் பாருங்கள். அணில் உடம்பில் எது ஒட்டினாலும் பூனை மாதிரி நக்கித்தான் சுத்தம் பண்ணும். கிரீஸ் நேரே வயிற்றுக்குப் போகும். ஒட்டின முடி வெயிலையும் மழையையும் தாங்காது. அதைவிட, அந்தக் கம்பியில் வந்து உட்காரப் போவது யார்? நாம் யாருக்காகத் தீனி வைக்கிறோமோ அந்தக் குருவியேதான்! இறகில் கிரீஸ் ஒட்டினால் அதுவும் அலகால் கோதிக் கோதி விழுங்கும், பறக்கவும் முடியாது. குருவியைக் காப்பாற்றப் போய்க் குருவிக்கே கிரீஸ் பூசுகிற கதை.

அட்டைக்கும் யார் வருகிறார்கள் என்று தெரியாது. ஓணான், தையல்சிட்டு, யார் கால் வைத்தாலும் பிடித்துக்கொள்ளும். "பூனை கூடத்தான் அணிலைப் பிடிக்குது" என்று சிலர் சொல்வார்கள். பூனை பசிக்குப் பிடிக்கிறது. நாம் பத்து ரூபாய் கம்புக்காகப் பிடிக்கிறோம்.

அறிவியல் டீச்சரிடம் கேட்டபோது ஒரு சுவாரசியமான விஷயம் சொன்னார்கள். மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின் என்ற பொருள். நம் நாக்கு நரம்பில் சூட்டை உணருகிற ஒரு ஏற்பி இருக்கிறது. கேப்சைசின் அதைத் தட்டி எழுப்புவதால்தான் நமக்கு எரிகிறது. அணில், எலி எல்லாம் நம்மைப் போலப் பாலூட்டிகள், அவற்றுக்கும் எரியும். பறவைகளின் ஏற்பியில் கேப்சைசின் வேலை செய்யாது. அதனால்தான் கிளி பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு ஹாயாக உட்கார்ந்திருக்கிறது! இந்த ஏற்பியைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ் என்ற விஞ்ஞானிக்கு 2021-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வெளிநாடுகளில் மிளகாய்க் காரம் கலந்த பறவைத் தீனி கடையிலேயே விற்கிறார்களாம்.

உடனே "அப்போ மிளகாய்த்தூளைத் தூவிடலாம்" என்று யாரும் சமையல்கூடத்துப் பக்கம் ஓடாதீங்க. வேப்பமரத்தடியில்தான் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சாப்பிட உட்காருகிறார்கள். ஒரு காத்து அடிச்சா போதும், அணிலுக்குப் பதிலா அவங்க கண்ணுதான் எரியும். அறிவியலாக எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், ஆனால் நம் பள்ளிக்கு ஆகாது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இங்கே யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரர்? இங்கிலாந்தில் அணிலை விரட்டுகிறார்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே உள்ள சாம்பல் அணில் 1876-இல் வட அமெரிக்காவிலிருந்து கொண்டுபோய் விட்டது. அது பெருகியதால் அந்த ஊரின் சொந்தச் செவ்வணில் குறைந்துவிட்டது. நம் நாட்டு அணில்கூட ஓரிடத்தில் வந்தேறிதான். வட இந்தியாவின் ஐந்து கோட்டு அணிலை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து மிருகக்காட்சிச் சாலைப் பக்கம் 1898-இல் விட்டார்கள், இன்றும் அங்கே இருக்கிறது. ஆனால் நம் வேப்பமரத்தில் இருப்பது மூன்று கோட்டு அணில். தென்னிந்தியாவும் இலங்கையும்தான் அதன் சொந்த ஊர். ராமர் தடவிக் கொடுத்த கதையை நம்புகிறவர்கள் நம்பலாம், நம்பாதவர்கள் விடலாம். எப்படியானாலும் நாம் கட்டடம் கட்டுவதற்கு முன்பே அது இங்கே இருந்தது. அதன் மரத்தில், அதன் கிளையில், அதற்குப் பிடித்த வேர்க்கடலையைக் கொண்டுபோய்த் தொங்கவிட்டுவிட்டு, "ஐயோ தின்னுடுச்சே" என்றால்? திருட்டு என்று சொல்லவே முடியாது. கயிற்றைக் கடித்ததும் வம்புக்கு இல்லை. கொறிக்கும் பிராணிகளுக்கு முன்பற்கள் வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கடித்துத் தேய்த்தே ஆக வேண்டும்.

அப்போ குருவிக்கு என்ன வழி? வழி இல்லாமல் எழுத வரவில்லை.

தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். எலி ஏறி இளநீரைக் கடிக்காமல் இருக்க, ஆளுயரத்துக்கு மேலே மரத்தைச் சுற்றித் தகரம் அடிப்பார்கள். தகரத்தில் நகம் பிடிக்காது, வழுக்கிவிடும். எலி சாகாது, இறங்கிப் போய்விடும், அவ்வளவுதான். அதையே நாமும் செய்யலாம். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழைய வாலிபால் கம்பம் ஒன்று சும்மா கிடக்கிறது. (பி.டி. சாரிடம் கேட்டுவிட்டேன், "எடுத்துக்கோ, ஆனா குழி நீங்களே தோண்டணும்" என்றார்.) அதை நட்டு, உச்சியில் ஒரு தட்டு. தட்டுக்குக் கீழே, எண்ணெய் டின்னை வெட்டி, கவிழ்த்த புனல் மாதிரி ஒரு தகரக் கூம்பு. வாய் அகலமாகக் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். ஓரத்தை மடக்கித் தட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கை கிழிக்கும், காலும் கிழிக்கும்.

எங்கே நடுவது என்பதுதான் முக்கியம். அணில் ஏறாவிட்டால் தாவும். நானும் தோழியும் டேப் வாங்கி அளந்து பார்த்தோம். வேப்பங்கிளை நுனிக்கும் சமையல்கூடத்து ஓட்டுக்கும் நாலரை அடி. அதை நம் அணில் யோசிக்காமலே தாவுகிறது. அமெரிக்காவில் அங்கே உள்ள சாம்பல் அணிலுக்காகச் சொல்லும் கணக்கு, மரத்திலிருந்து பத்து அடி. அது அரை கிலோ இருக்கும் பெரிய அணில். நம்முடையது நூறு கிராம்தான், அந்தப் பத்தடியைத் தாவாது. கொடிக்கம்பத்துக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் பதினைந்து அடிக்கு எந்தக் கிளையும் இல்லை. அங்கே நடலாம். பூனை ஒளிந்து பாயப் புதரும் இல்லை.

இதுவும் நூற்றுக்கு நூறு என்று நான் சொல்லவில்லை. நாசாவில் வேலை பார்த்த மார்க் ராபர் என்ற பொறியாளர், 2020-இல் தன் கொல்லையில் அணில்களைத் தடுக்கப் பெரிய தடைப் பாதையே கட்டி யூடியூபில் போட்டார். அணில்கள் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு கடைசியில் தீனியை எட்டிவிட்டன! நாசா பொறியாளருக்கே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம். ஆனால் நாம் அணிலை ஜெயிக்க வேண்டியதில்லை. குருவிக்கு முதல் அரை மணி நேரம் கிடைத்தால் போதும்.

கம்பத்துத் தட்டில் தினையும் கம்பும் மட்டும் வைப்போம், அது குருவிக்கும் சில்லைக்கும் போதும். வேர்க்கடலை அதில் வேண்டவே வேண்டாம். வேப்பமரத்துக் கொட்டாங்குச்சிகளை அவிழ்க்காமல் ஒன்றிரண்டில் கொஞ்சம் கடலை போட்டால், அணில் அந்தப் பக்கமே இருந்துகொள்ளும். குருவி சிந்துவதைத் தவிட்டுக்குருவியும் மைனாவும் கீழே பொறுக்கிக்கொள்ளும். சத்துணவில் மிஞ்சிய சாம்பார் சாதத்தைத் தட்டில் கொட்டுகிற ஆறாம் வகுப்பு நண்பர்கள் தயவுசெய்து நிறுத்தவும். புளித்து ஈ மொய்க்கிறது.

தண்ணீரைப் பற்றி யாருமே பேசவில்லை என்பதும் எனக்குக் குறை. ஏப்ரல், மே மாதத்தில் தீனியைவிடத் தண்ணீர்தான் கிடைக்காது. போன வருடம் ஸ்டாஃப் ரூம் பக்கம் வைத்த மண்சட்டியில் ஒரு பக்கம் அணில், ஒரு பக்கம் குருவி, ஒன்றாகக் குடித்ததை நானே பார்த்தேன். சண்டையே இல்லை. ரெண்டு நாளுக்கு ஒருமுறை தேய்த்துக் கழுவி ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசு முட்டை வைக்கும். லீவில் யார் ஊற்றுவது என்பதை மன்றம் இப்போதே முடிவு பண்ணட்டும்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் மன்றக் கூட்டம். கிரீஸ் டப்பாவை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். வீணாக வேண்டாம், நம் கேட்டின் கீல் ரெண்டு வருஷமாகக் கத்துகிறது, அதற்குப் போடலாம். கம்பத்துக்கு இன்னும் ரெண்டு காலி எண்ணெய் டின்னும், தகரம் வெட்டுகிற கத்திரியும் வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் வியாழக்கிழமைக்குள் எங்கள் வகுப்பில் கொடுங்கள். கடப்பாரை அப்பா தருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

— 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி, சூழல் மன்றம்