எறியத் தெரிஞ்சவன் வேற, சேர்க்கத் தெரிஞ்சவன் வேற

வருஷா வருஷம் ஏப்ரல் வந்தா அமெரிக்கக் கால்பந்துல இதே கூத்துதான். கல்லூரிப் பசங்களை என்எஃப்எல் அணிகள் ட்ராஃப்ட்ல எடுக்குற நேரம். பனைமரமாட்டம் ஒரு குவார்ட்டர்பேக் வருவான். பந்தை விட்டெறிஞ்சா அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும். எல்லாரும் வாயைப் பிளப்பாங்க. 'பாதிப் பந்து ஆளுக்குப் போய்ச் சேரலையேப்பா'ன்னு கேட்டா, பதில் ரெடி: 'ஜாஷ் ஆலன் மட்டும் என்னவாம்?'

சரி, ஆலனையே எடுத்துக்குவோம். வயோமிங் பல்கலைக்கழகத்துல அவர் எறிஞ்சதுல சொந்த ஆள் கைக்குப் போனது சுமார் 56 சதவீதம். 2018-ல பஃபலோ பில்ஸ் 7-வது ஆளா எடுத்தாங்க. முதல் வருஷம் 52.8, அடுத்தது 58.8, 2020-ல 69.2! 2024 சீசனோட சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். மறுக்கவே இல்லை.

ஆனா அது கை பலத்தால வந்ததா? கை முதல் வருஷமும் அதேதானேய்யா! மாறினது காலும் இடுப்பும். எறியுற முறையையே உட்கார்ந்து திருத்தினார். பிரையன் டபோல்னு ஒரே பயிற்சியாளர் நாலு சீசன் கூடவே இருந்து ஆட்டத்தை வகுத்தார். 2020-ல ஸ்டெஃபான் டிக்ஸ் மாதிரி ஒரு ரிசீவரும் வந்து சேர்ந்தார்.

இப்ப மத்தவங்க கதைக்கு வாங்க. கைல் போலர், 2003-ல 19-வது ஆள். மைதானத்தோட நடுக்கோட்டுல மண்டி போட்டுக்கிட்டே கோல் கம்பத்துக்குள்ள எறிவாராம். கல்லூரியில மொத்தக் கணக்கு 50 சதவீதத்துக்கும் கீழே! பால்டிமோர்ல நிலைக்கலை. ஜேக் லாக்கர், 2011-ல 8-வது ஆள். காயங்களும் சேர்ந்து, நாலே சீசன்ல ஓய்வு. ஆந்தனி ரிச்சர்ட்சன், கல்லூரியில 13 ஆட்டம்தான் தொடக்க ஆளா ஆடினார். அதுக்கே 2023-ல 4-வது இடம். 2024-ல 47.7 சதவீதம், 2025-ல தொடக்க இடம் டேனியல் ஜோன்ஸுக்குப் போயிடுச்சு.

'கல்லூரியில கூட இருந்தவங்க சரியில்ல'ன்னு ஒரு சால்ஜாப்பு வரும். சில சமயம் நிஜமும்கூட. அப்ப சதவீதத்தை விட்டுட்டு வீடியோவைப் பாருங்க. காலை ஊன்றாம எறிஞ்சதால குறி தப்புதா? அதைத் திருத்தலாம். நின்னு நிதானமா, யாரும் நெருக்காதப்ப, பக்கத்துல இருக்குறவனுக்கே தலைக்கு மேல போகுதா? அதை 70 கெஜம் எறியுற கை காப்பாத்தாது. தொழில்முறை ஆட்டத்துல ரிசீவருக்கு ஒட்டிக்கிட்டே ஒருத்தன் ஓடுவான். ஒரு முழம் தள்ளிப் போனா பந்து எதிராளி கையில.

அப்ப இந்தப் பசங்களை எடுக்கவே கூடாதா? தாராளமா எடுங்க. ஆனா ஆலனுக்குக் கிடைச்ச பொறுமையையும் அதே பயிற்சியாளரையும் கொடுக்க முடியுமான்னு பார்த்துட்டு எடுங்க. அது முடியாதுன்னா நீங்க ஆடுறது லாட்டரி. தோத்தா அணிக்கு இன்னொரு ஏப்ரல்ல இன்னொரு பையன் கிடைப்பான். இருபத்தொரு வயசுல பேரைக் கெடுத்துக்கிட்ட அந்தப் பையனுக்கு?