தேவையில்லாத டப்பா



எங்கள் குடும்பத்தில் நடந்த ஒரு சம்பவத்தை இம்முறை உங்களிடம் சொல்லப் போகிறேன். கார் ஓட்டும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இதை வாய்விட்டுப் படித்தால் நல்லது.

என் அக்காள் மகனுக்கு 26 வயது. மாதத் தவணையில் ஒரு பழைய டர்போ கார் வாங்கினான். டர்போ என்பது என்ன? எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் அதற்கேற்ப எண்ணெயும் கூடுதலாக எரியும். சின்ன எஞ்சின் பெரிய எஞ்சினைப் போல் இழுக்கும். 1905இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி காப்புரிமை பெற்ற யோசனை இது.

அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும். அப்போது ஊளையிடுவது போல் ஒரு சத்தம் எழும். அதை அடக்க, ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ போன்ற சில கார்களில், டர்போவிலிருந்து காற்று வெளிவரும் வாயிலேயே சிறிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். அதனுள் சிறு சிறு அறைகள் இருக்கும். சத்தம் அவற்றில் புகுந்து அடங்கிவிடும். எஞ்சின் ஓடுவதற்கு இந்த டப்பா தேவையே இல்லை. இது காதுக்காக வைத்தது.

என் மருமகனுக்கும் யாரோ இதைச் சொல்லியிருக்கிறார்கள். டப்பாவைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஓர் அலுமினியக் குழாயைத் தானே மாட்டிவிட்டான். "மாமா, சத்தம் கேட்டீங்களா? இதுதான் டர்போ!" என்று பெருமையாக ஓட்டிக் காட்டினான். உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது. எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. வாத்தியார் நானே தலையாட்டிவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அக்காளுக்கு ஈப்போவில் இருதய மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்தது. மூன்று மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. கோலகங்சாரிலிருந்து நெடுஞ்சாலையில் புறப்பட்டோம். மெனோரா சுரங்கப்பாதைக்கு முன்னால் உள்ள ஏற்றம் உங்களில் பலருக்குத் தெரியும். அங்கே 'டப்' என்று ஒரு சத்தம். வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது, இழுவை போய்விட்டது. எஞ்சினைக் காப்பாற்ற, காரில் உள்ள கணினியே அதன் பலத்தைக் குறைத்துவிட்டதாம். பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அக்காள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "முருகா" என்றாள். அந்தச் சில நிமிடங்களை நான் மறக்கமாட்டேன்.

எப்படியோ ஓரப்பாதைக்கு வந்து சேர்ந்தோம். யாருக்கும் ஆபத்தில்லை. ஆனால் மருத்துவரைப் பார்க்கும் நேரம் தவறிவிட்டது. மறு தேதி இன்னும் இரண்டு மாதம் கழித்துத்தான்.

இழுவை வண்டி எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த பட்டறையின் முதலாளி என் பழைய மாணவன். பள்ளியில் பின்வரிசைக்காரன். 'கவனம் போதாது' என்று அவன் அறிக்கையில் நான் எழுதியது எனக்கு நினைவிருக்கிறது. அவன் செய்ததைக் கேளுங்கள். குழாயை மறுபடி மாட்டி, காற்றுப் பாதையின் வாயை அடைத்து, உள்ளே மெதுவாகக் காற்றை ஏற்றினான். இணைப்புகளின் மேல் சோப்புத் தண்ணீரைத் தெளித்தான். சைக்கிள் டியூபில் ஓட்டை தேடுவோமே, அதே வித்தை! அலுமினியக் குழாய் சேரும் இடத்தில் குமிழ் குமிழாக வந்தது. உள்ளே இருந்த ரப்பர் வளையம் நசுங்கிக் கிழிந்திருந்தது. என் மருமகன் பழைய வளையத்தையே திரும்பப் போட்டிருக்கிறான். கிளிப்பும் சரியாக மாட்டவில்லை. ஏற்றத்தில் அழுத்தம் கூடியதும் குழாய் பிடுங்கிக்கொண்டது. ஆக, நாங்கள் ரசித்த அந்த உஸ் சத்தம் டர்போவின் பாட்டு அல்ல; காற்று கசிந்த சத்தம்!

கார் டயருக்கு ஏறக்குறைய 32 பவுண்டு காற்று அடிக்கிறோம். இந்தக் குழாயில் அதில் பாதியளவு அழுத்தம் இருக்கும், சூடும் அதிகம். ஒரு கிழிந்த வளையம் அதைத் தாங்குமா?

"சார், டப்பாவைக் கழட்டினது பெரிய தப்பில்ல. அதுக்குப் பதிலா வச்சதை ஒழுங்கா மூடாம விட்டதுதான் தப்பு," என்றான் என் மாணவன். நல்ல வேளை, பழைய டப்பா வீட்டுச் சாமான் அறையில் கிடந்தது. புது வளையம் போட்டு அதையே மாட்டிக் கொடுத்தான். வளையத்தின் விலை சில வெள்ளிதான்.

வாசகர்களே, இந்த டப்பாவை எடுப்பதால் கிடைக்கும் பலம் மிகச் சொற்பம். கூடுவது பெரும்பாலும் சத்தமே. அப்படியும் எடுக்கத்தான் வேண்டும் என்றால், தெரிந்தவர் கையால், புது வளையம் போட்டு, கசிவு சோதனை செய்த பிறகே வண்டியைச் சாலையில் இறக்குங்கள். கழற்றியதைத் தூக்கி எறியாதீர்கள். புதுக் காராக இருந்தால் உத்தரவாதம் போய்விடுமா என்று முதலில் கேளுங்கள். இதே ஆசையில் காற்று வடிகட்டியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் புழுதி அந்த வேகத்தில் சுழலும் இறக்கைகளை அரித்துவிடும், எஞ்சினுக்குள்ளும் போய்விடும்.

ஒரு பொருளைத் 'தேவையில்லை' என்று சொல்லுமுன், அது எதற்காக அங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பின்வரிசைப் பையனைப் பற்றி அறிக்கை எழுதிய எனக்கும் அது பாடம்தான்.

அக்காள் இப்போது நலம். மறு தேதிக்குப் பேருந்தில்தான் போவாளாம்!